ஷாப்லிஃப்டர்ஸ்: அத்தானோடு தீராத ஒரு வழக்கு

ஜப்பானிய இயக்குநர் ஹிரோகசு கொரே-எடாவின் ‘ஷாப்லிஃப்டர்ஸ்’ தகுதிக்கு மேல் கொண்டாடப்பட்ட படம் என்று என் அத்தான் சொல்கிறார். எதையும் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறவர் அல்ல அவர். அக்காவைக் கட்டிக்கொண்ட நாள்முதல் எங்கள் வீட்டில் நல்ல படம் எது என்ற பேச்சுக்கு அவர்தான் நீதிபதி. தொழிலிலோ, பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் நெடுங்காலமாகக் குடும்ப வழக்குகளை நடத்திவரும் வழக்கறிஞர். பிள்ளை எனக்குத்தான் என்று தாயும் தகப்பனும் ஆளுக்கொரு பக்கம் நிற்க, அந்தப் பிள்ளை வராந்தா பெஞ்சில் பென்சில் டப்பாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருப்பதை அன்றாடம் பார்க்கிறவர். ஆகவே குடும்பம் என்றால் என்ன என்று கேட்கும் ஒரு படத்தை அவர் குறைத்து மதிப்பிட்டால், அதைத் தட்டிக்கழித்துவிட என்னால் முடியவில்லை. அவருடைய ஒவ்வொரு வாதத்தையும் எடுத்துவைத்துப் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. படத்தின் முடிவு வரைக்கும் பேச வேண்டியிருக்கிறது. இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

2018 மே மாதம் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் நடிகை கேட் பிளான்செட் தலைமையிலான நடுவர் குழு, அந்த விழாவின் உயர்ந்த விருதான தங்கப் பனையை இந்தப் படத்துக்கு அளித்தது. 1997இல் ஷோஹெய் இமாமுராவுக்குப் பிறகு ஜப்பானியர் ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அப்போதுதான். அதே ஆண்டுப் போட்டியில் கொரிய இயக்குநர் லீ சாங்-டாங்கின் ‘பர்னிங்’ படமும் இருந்தது. அதுதான் வென்றிருக்க வேண்டும் என்று நினைத்த விமர்சகர்கள் பலர், அத்தானும் அந்தக் கட்சிதான். ஆனால் விருதை வைத்து ஒரு படத்தை உயர்த்துவதும் தவறு, விருது கிடைத்துவிட்டது என்பதற்காகவே அதைத் தாழ்த்துவதும் தவறு என்பதில் எங்கள் இருவருக்கும் ஒத்த கருத்து உண்டு என்பதால், அந்தக் கணக்கை இத்தோடு விட்டுவிடுகிறேன்.

கதை இதுதான். டோக்கியோவில் அடுக்குமாடிகளுக்கு நடுவே அமுங்கிக்கிடக்கும் ஒரு பழைய தரைவீட்டில் ஹட்சுவே என்ற கிழவி இருக்கிறாள். அவளுடைய ஓய்வூதியத்தை நம்பி, கட்டட வேலைக்குக் கூலிக்குப் போகும் ஒசாமு, சலவை ஆலையில் வேலை செய்யும் நொபுயோ, இளம்பெண் அகி, பள்ளிக்குப் போகாத சிறுவன் ஷோட்டா ஆகியோர் அங்கே வாழ்கிறார்கள். பற்றாக்குறையை ஒசாமுவும் ஷோட்டாவும் கடைகளில் திருடி ஈடுகட்டுகிறார்கள். குளிர்கால இரவொன்றில், திருடிவிட்டுத் திரும்பும் வழியில், ஒரு குடியிருப்பின் வெளித்தாழ்வாரத்தில் தனியாக விடப்பட்டிருந்த ஐந்து வயதுச் சிறுமி யூரியை ஒசாமு வீட்டுக்கு அழைத்துவந்துவிடுகிறான். சோறு போட்டுத் திருப்பிவிடப் போனவர்கள், இந்தப் பிள்ளையைப் பெற விரும்பியதே இல்லை என்று அவளுடைய தாய் உள்ளிருந்து கத்துவதைக் கேட்கிறார்கள். கேட்டுவிட்டுப் பிள்ளையோடு திரும்பிவருகிறார்கள். இந்த வீட்டில் யாருக்கும் யாரும் சொந்த ரத்தம் இல்லை என்பது நமக்குச் சிறிது சிறிதாகத்தான் தெரியவருகிறது.

அத்தானின் முதல் வாதம் கூர்மையானது. “அந்தப் புள்ளயப் பெத்தவ ஒரு நல்லவளா இருந்திருந்தா இந்தப் படம் நிக்குமாளா, நீயே சொல்லு” என்றார் அவர். பாதுகாவலரிடமிருந்து ஒரு சிறுமியைக் கொண்டுபோவது நம் நாட்டிலும் குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தில் அது 361ஆம் பிரிவு, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 137ஆம் பிரிவு. அந்தக் குற்றத்தை நாம் மன்னிக்க வேண்டுமென்றால் பெற்றோர் கொடியவர்களாக இருந்தாக வேண்டும். எனவே இயக்குநர் அவர்களைக் கொடியவர்களாக ஆக்கிக்கொண்டார், எதிர்த்தரப்புச் சாட்சியைக் கூண்டில் ஏற்றாமலேயே தீர்ப்பை நம் கையில் கொடுத்துவிட்டார் என்பது அவர் கட்சி. நடைமுறையில் தன்னிடம் வரும் வழக்குகளில் இரண்டு பக்கத்திலும் பாதி நியாயம் இருக்கிறது, அங்கேதான் உண்மையான துன்பம் தொடங்குகிறது, அந்தத் துன்பத்தை இந்தப் படம் தொடவே இல்லை என்கிறார்.

இதற்கு என் பதில் ஒரு சிறிய காட்சி. போலீஸார் யூரியைப் பெற்றோரிடம் திருப்பிக் கொடுத்த பிறகு, அந்தத் தாய் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து முகத்தில் இருக்கும் காயத்தை மறைக்க ஒப்பனை செய்துகொண்டிருக்கிறாள். பிள்ளை அருகே போய் அந்தக் காயத்தைத் தொடுகிறது. வலிக்கிறது என்று தாய் சீறுகிறாள், மன்னிப்புக் கேட்கச் சொல்கிறாள். பிள்ளை வாய் திறக்கவில்லை. உடனே குரலை மாற்றிக்கொண்டு, புதுச்சட்டை வாங்கித் தருகிறேன் வா என்று கூப்பிடுகிறாள். பிள்ளை மாட்டேன் என்று தலையை ஆட்டுகிறது. இதற்கு வெகு முன்னால், நொபுயோ அவளுக்கு நீச்சலுடை வாங்கித் தரக் கடைக்கு அழைத்துப்போனபோது, வாங்கிக் கொடுத்த பிறகு அடிக்க மாட்டீர்களே என்று அவள் கேட்டதை நாம் கேட்டிருக்கிறோம். அந்த வீட்டில் புதுத்துணிக்குப் பின்னால் அடி வரும் என்பதை யூரி கற்றிருக்கிறாள். தாயின் முகத்துக் காயம் யார் கொடுத்தது என்று படம் சொல்லவில்லை. முதல் இரவில் உள்ளிருந்து கேட்ட சண்டைச் சத்தமே போதும். அடிவாங்குகிறவள் அடிக்கிறாள். எதிர்த்தரப்புச் சாட்சி கூண்டில் ஏறவே இல்லை என்று சொல்ல முடியாது. ஏறினாள், ஆனால் அவளுக்குக் கிடைத்த நேரம் மிகவும் குறைவு. அந்த அளவில் அத்தான் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். இன்னும் ஒரு காட்சி அவளுக்குக் கொடுத்திருந்தால் படம் கனத்திருக்கும்.

அவருடைய இரண்டாவது வாதத்தை அவர் ஒரு ஒப்பீட்டாக வைக்கிறார். இதே இயக்குநரின் 2004ஆம் ஆண்டுப் படமான ‘நோபடி நோஸ்’ இதைவிடப் பல மடங்கு உயர்ந்தது, உலகம் அதைக் கொண்டாடாமல் விட்டுவிட்டு இதற்குப் பெரிய விருதைக் கொடுத்தது என்கிறார். 1988இல் டோக்கியோவில் உண்மையாகவே நடந்த ஒரு சம்பவத்தைத் தழுவியது அந்தப் படம். தாய் நான்கு பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுப் போய்விடுகிறாள், மூத்த பையன் தம்பி தங்கைகளைக் காப்பாற்றப் பாடுபடுகிறான். அந்தப் பையனாக நடித்த யூயா யாகிராவுக்குக் கானில் சிறந்த நடிகர் விருது கிடைத்தபோது வயது 14. நானும் அந்தப் படத்தை உயிராக நேசிக்கிறவள்தான். அதில் பெரியவர்கள் இல்லை. இல்லாத பெரியவர்கள் மேல் நம் கோபம் நேராகப் போய் விழுகிறது. ‘ஷாப்லிஃப்டர்ஸ்’ நமக்கு அந்த வசதியைத் தரவில்லை. பிள்ளைக்குச் சோறு ஊட்டும் கையும் அதைத் திருடக் கற்றுக்கொடுக்கும் கையும் இங்கே ஒன்றாகவே இருக்கின்றன. ஒசாமு ஷோட்டாவைத் தோளோடு தோள் உரசி நடத்திப்போகிறான், விளையாடுகிறான், சிரிக்கவைக்கிறான்; கடைக்குள் நுழைந்ததும் இருவரும் விரலால் சைகை காட்டிக்கொண்டு வேலையைத் தொடங்குகிறார்கள். அந்தச் சைகையில் இருக்கும் நெருக்கம் எந்தத் தகப்பனும் மகனும் பொறாமைப்படக்கூடியது. அவன் மேல் பாசம் வைப்பதா, அவனைப் பிடித்துக் கொடுப்பதா என்று பார்க்கிறவருக்குத் தெரியாமல் போகிறது. கோபத்துக்கு ஓர் இலக்கைக் கொடுப்பதைவிட அதைப் பறித்துக்கொள்வதுதான் கடினமான வேலை என்று நான் நினைக்கிறேன்.

ஆனால், இந்தப் படத்தைப் புகழ்கிறவர்களோடும் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. சொல்லப்போனால் அத்தானோடு இருப்பதைவிடப் பெரிய வழக்கு. ரத்த உறவு பெரிதல்ல, பாசமே குடும்பம் என்று இந்தப் படம் சொல்வதாகத்தான் பெரும்பாலான பாராட்டுகள் எழுதப்பட்டிருக்கின்றன. வழக்கத்துக்கு மாறான குடும்பம் என்று வியக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் இதை ஒரு கண்டுபிடிப்பாக யாரும் எடுத்துக்கொள்ள முடியாது.

என் அத்தை முக்கூடலில் பீடி சுற்றுகிறவள். தண்ணீரில் ஊறவைத்து ஈரத்துணியில் மடித்துவைத்த இலையை, தகட்டு அளவு வைத்துக் கத்தரியால் வெட்டி, மடியில் சொளவைப் போட்டுக்கொண்டு, தூளை உள்ளே வைத்து உருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுற்றி இழுத்து, இருபத்தைந்தாகச் சேர்த்துக் கட்டிப் போட்டபடியே பேசிக்கொண்டிருப்பாள். பேச்சு எங்கே போனாலும் விரல் நிற்காது. அவளைச் சுற்றி எப்போதும் மூன்று நான்கு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள், பீடிக் கடையில் கணக்கு எழுதும் பாஸ்புத்தகம் இருப்பதோ ஒருத்தி பேரில். அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைகளில் யார் யாருக்குப் பிறந்தவர்கள் என்று வெளியாள் ஒருவரால் சொல்லிவிட முடியாது. ஒருவனுடைய தகப்பன் தாராவிக்குப் பிழைக்கப் போனவன். பணம் சில காலம் வந்தது, அப்புறம் நின்றது. தாய் வேறு ஊரில் கட்டிக்கொண்டு போனாள். அத்தைதான் அவனுக்குப் பள்ளியில் கையெழுத்துப் போட்டாள், அவள்தான் அவன் கல்யாணத்தில் தாய் நிற்கிற இடத்தில் நின்றாள். இன்னொருத்தி, யாருடைய பிள்ளை என்பதைப் பற்றித் தெருவில் யாரும் உரக்கப் பேசாத பிள்ளை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பம்பாய்க்கும் கொழும்புக்கும் வளைகுடாவுக்கும் ஆட்கள் போகத் தொடங்கிய காலத்திலிருந்து, ஆச்சி வளர்த்த பிள்ளை, சித்தி வளர்த்த பிள்ளை, பக்கத்து வீட்டு மதினி வளர்த்த பிள்ளை என்று ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஒரே உலையில் வெந்த சோற்றைச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம் என்பதை எங்களுக்குக் கானிலிருந்து யாரும் வந்து சொல்லத் தேவையில்லை.

அத்தை இந்தப் படத்தின் ஒரு பகுதியை அக்கா வீட்டில் என்னோடு உட்கார்ந்து பார்த்தாள். எழுத்து ஓடுவதை வாசிக்க அவளுக்கு வராது. நான் இடையிடையே சொன்னேன். சலவை ஆலைக் காட்சிகளில் அவளுடைய கண் நொபுயோவின் கையை விட்டு நகரவில்லை. முதலாளி நொபுயோவையும் இன்னொருத்தியையும் கூப்பிட்டு, உங்கள் இருவரில் ஒருவர்தான் இருக்க முடியும், யார் போவது என்று நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்று சொல்கிற இடத்தை விளக்கியதும் அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. இலை வரத்துக் குறைகிற நாட்களில் கடையில் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். காணாமல்போன பிள்ளையை நீ வைத்திருப்பதைச் சொல்லிவிடுவேன் என்று மற்றவள் மிரட்டுகிறாள், நொபுயோ வேலையை விட்டுக்கொடுக்கிறாள். பிறகு யூரியும் நொபுயோவும் சேர்ந்து குளிக்கும் காட்சி வந்தது. இருவர் கையிலும் இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு. பெரியவளுக்கு வேலையில் பட்டது, சிறியவளுக்கு வீட்டில் பட்டது. பிள்ளை பெரியவளின் தழும்பைத் தடவிக்கொடுக்கிறது. அத்தை அங்கே நிறுத்தச் சொன்னாள். நிறுத்தியதும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “இத்தன நாளா அந்தத் தெருவுல ஒருத்தரும் ‘இது யாரு வீட்டுப் பிள்ள’ன்னு கேக்கலயா?”

படத்தைப் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையும் எழுப்பாத கேள்வி அது. எங்கள் தெருவில் புதிதாக ஒரு பிள்ளை வாசலில் நின்றால் அரை நாழிகைக்குள் நான்கு வீட்டிலிருந்து விசாரிப்பு வந்துவிடும். யார் வீட்டுப் பிள்ளை, எத்தனை நாள் இருக்கும், தாய் எங்கே, ஏன் வரவில்லை. அந்த விசாரிப்பில் வம்பும் உண்டு, சாதி பார்க்கிற கண்ணும் உண்டு, அதை நான் மறைக்கவில்லை. பல பெண்களின் வாழ்க்கை அந்த விசாரிப்பில் நைந்துபோயிருக்கிறது. ஆனாலும் ஒரு பிள்ளை அடிபடுவதோ காணாமல்போவதோ யாருக்கும் தெரியாமல் நடப்பது அங்கே கடினம். ஒசாமுவின் வீட்டைச் சுற்றி எழும்பி நிற்கும் அடுக்குமாடிகளிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. யூரி காணாமல்போனதைப் பெற்றோரே புகார் செய்யவில்லை. இரண்டு மாதத்துக்கு மேல் ஆன பிறகு தொலைக்காட்சிச் செய்தியில்தான் வருகிறது. கோடையில் வாணவேடிக்கை நடக்கிறபோது வீட்டார் எல்லோரும் திண்ணைக்கு வந்து, வானம் தெரியாத அந்த இடுக்கிலிருந்து வெடிச்சத்தத்தை மட்டும் கேட்டுச் சந்தோஷப்படுகிறார்கள். கேமரா மேலேயிருந்து பார்க்கிறது. பாராட்டுகிறவர்கள் இதைக் குடும்பத்தின் கதகதப்பு என்று எழுதினார்கள். எனக்கு அது நகரத்தின் மேல் வைக்கப்பட்ட குற்றச்சாட்டாகவே தெரிகிறது. அவர்கள் ஒன்றாக இருக்கிறார்கள் என்பது உண்மை. அவர்களைச் சுற்றி ஒருவரும் இல்லை என்பதும் அதே அளவுக்கு உண்மை.

ஒரே ஒருவர் கேட்கிறார். மூலையில் சின்னக் கடை வைத்திருக்கும் கிழவர். ஷோட்டா யூரியையும் திருட்டுக்குப் பழக்கிக்கொண்டிருக்கும் நாளில், அவர் அவனைக் கூப்பிட்டுத் தின்பண்டத்தைக் கையில் கொடுத்து, தங்கச்சியை இதில் இழுக்காதே என்று சொல்கிறார். அவ்வளவு நாளும் அவன் எடுத்ததெல்லாம் அவருக்குத் தெரிந்தே இருந்தது. அந்தச் சொல்தான் இந்தப் படத்தின் அச்சாணி என்பது என் துணிபு. கடையில் இருக்கிற பொருள் இன்னும் யாருக்கும் சொந்தமாகவில்லை என்று ஒசாமு சொல்லிக்கொடுத்த நியாயம் அந்த நிமிடத்திலிருந்து ஷோட்டாவுக்குள் ஒட்டவில்லை. ஒசாமு வண்டிக் கண்ணாடியை உடைத்துப் பொருளை எடுக்கிறபோது, இது ஒருவருக்குச் சொந்தமானதுதானே என்று கேட்கிறான். பிறகு ஒருநாள் அந்தக் கிழவரின் கடை மூடிக்கிடக்கிறது. துக்க அறிவிப்பு ஒட்டியிருப்பதைப் படிக்கத் தெரியாமல், கடை நொடித்துப்போனதோ என்று நினைக்கிறான்.

கடைசியில் யூரி ஒரு பெரிய கடையில் தானாகவே எதையோ எடுக்கப் போகும்போது, அவள்மேல் யார் கண்ணும் விழாதபடி, ஷோட்டா ஆரஞ்சுப் பையொன்றைப் பறித்துக்கொண்டு எல்லோருக்கும் தெரியும்படி ஓடுகிறான். துரத்துகிறார்கள். வழி அடைபட்டதும் பாலத்துச் சுவரிலிருந்து குதிக்கிறான். கால் முறிகிறது. அவன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது, வீட்டிலுள்ளவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு இரவோடு இரவாக அவனை விட்டுவிட்டு ஓடப் பார்த்துப் பிடிபடுகிறார்கள்.

பாசமே குடும்பம் என்று எழுதுகிறவர்கள் இந்த இடத்தை என்ன செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அவனுக்குத் தகப்பனாக இருக்க ஏங்கியவன், அப்பா என்று ஒருமுறை கூப்பிடு என்று கெஞ்சியவன், நெருக்கடி வந்ததும் அவனை விட்டுவிட்டுக் கிளம்புகிறான். கிழவி இறந்தபோது வீட்டுக்கு அடியிலேயே அவளைப் புதைத்துவிட்டு ஓய்வூதியத்தை எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதும் வெளிவருகிறது. இறந்த பெற்றோரின் ஓய்வூதியத்தை வாங்கிக்கொண்டிருந்த குடும்பங்களைப் பற்றிய செய்திகள்தான் கொரே-எடாவுக்கு இந்தக் கதையின் வித்து. ஆண்டுதோறும் நேர்காணலுக்குக் கருவூலத்தில் போய் நின்று, உயிரோடு இருப்பதை மெய்ப்பிக்கிற எங்கள் ஊர் ஓய்வூதியர்களுக்கு இதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கிழவியின் பெட்டியிலிருந்து பணத்தை எடுத்து எண்ணும்போது ஒசாமுவும் நொபுயோவும் சிரிக்கிறார்கள். ஷோட்டா பார்த்துக்கொண்டு நிற்கிறான். இவ்வளவையும் காட்டுகிற ஒரு படத்தை, கூடிவாழ்தலின் இனிமை என்று சுருக்கிவிட்டதால்தான் அத்தானைப் போன்றவர்களுக்கு அது மிகையாகப் புகழப்பட்டதாகத் தோன்றுகிறது. புகழ்ந்தவர்கள் படத்தின் சுலபமான பாதியைப் புகழ்ந்தார்கள். எதிர்ப்பவர்களும் அதே பாதியைத்தான் எதிர்க்கிறார்கள். படத்தின் உயரம் மறுபாதியில் இருக்கிறது. அங்கே ஒரு சிறுவன், தான் நேசிக்கிறவர்களிடமிருந்து தங்கையைக் காப்பாற்றுவதற்காக, அந்த வீட்டையே முடித்துவைக்கிறான். தான் வேண்டுமென்றேதான் பிடிபட்டேன் என்று கடைசியில் ஒசாமுவிடம் சொல்கிறான். என்னை விட்டுவிட்டுப் போகப் பார்த்தீர்களா என்று அதற்கு முந்தைய இரவில் கேட்டபோது ஒசாமு பொய் சொல்லவில்லை. ஆமாம் என்றான், இனிமேல் நான் அப்பா இல்லை, மாமாதான் என்றான். அந்த ஒப்புதலை ஒரு தகப்பன் செய்யக்கூடிய மிக நேர்மையான காரியமாக நான் எண்ணுகிறேன்.

அத்தானின் மூன்றாவது வாதம் வடிவத்தைப் பற்றியது. கடைசி அரை மணி நேரம் குற்றப்பத்திரிகை வாசிப்பதைப்போல் இருக்கிறது, அதுவரை மறைத்துவைத்ததையெல்லாம் விசாரணை அதிகாரிகள் வாயால் கொட்டிவிடுகிறார்கள் என்கிறார். நொபுயோவின் முன்னாள் கணவன் கொல்லப்பட்டது, ஒசாமுவும் நொபுயோவும் வைத்திருப்பவை சொந்தப் பெயர்களே அல்ல என்பது, ஒசாமுவின் உண்மைப் பெயர்தான் ஷோட்டா என்பது எல்லாமே அங்கே அடுத்தடுத்து வருகின்றன. செய்திகள் நெரிசலாக வருகின்றன என்பதை ஒப்புக்கொள்கிறேன். அகியின் கதையும் அப்படித்தான். தங்கையின் பெயரைத் தன் தொழிலுக்கு வைத்துக்கொண்ட அந்தப் பெண்ணுக்குத் தனியாகவே ஒரு படம் எடுக்கலாம், இங்கே அவள் பாதியில் கைவிடப்படுகிறாள். ஆனால் விசாரணைக் காட்சிகள் படமாக்கப்பட்டிருக்கும் விதத்தை அத்தான் கவனிக்கத் தவறுகிறார் என்று நினைக்கிறேன். கேள்வி கேட்பவர் எதிரே இருக்கிறார். பதில் சொல்பவரின் முகம் நேராக நம்மைப் பார்க்கிறது. குழந்தைகள் உங்களை என்னவென்று கூப்பிட்டார்கள் என்று அந்தப் பெண் அதிகாரி கேட்கிறாள். நொபுயோவாக நடிக்கும் சகுரா ஆண்டோ பதில் சொல்லாமல், உள்ளங்கையால் கண்ணீரைத் துடைக்கிறார், முடியை ஒதுக்குகிறார், மறுபடி துடைக்கிறார். துடைக்கத் துடைக்க வருகிறது. என்னவாக இருக்கும் என்று தனக்குள் கேட்டுக்கொள்கிறார். வெட்டு இல்லை, இசை இல்லை. அதிகாரியின் கேள்வியில் எந்தத் தவறும் இல்லை, சட்டப்படி அது கேட்கப்பட வேண்டிய கேள்விதான். அதுவே அந்தக் காட்சியின் கொடுமை. நீதிமன்றத்தில் நியாயமான கேள்விகள் சாட்சிகளை என்ன செய்யும் என்பது அத்தானுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்தக் காட்சியைப் பற்றி மட்டும் அவர் இதுவரை ஒரு குறையும் சொன்னதில்லை.

கிழவி ஹட்சுவேயாக நடித்த கிரின் கிகியைப் பற்றியும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். கொரே-எடாவின் பல படங்களில் தாயாகவும் கிழவியாகவும் நடித்தவர்; இந்தப் படம் விருது பெற்ற அதே 2018ஆம் ஆண்டு செப்டம்பரில் காலமானார். கடற்கரையில் மற்றவர்கள் அலையில் கைகோத்துத் துள்ளுவதைப் பார்த்தபடி மணலில் உட்கார்ந்து, சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்து நன்றி சொல்கிறார். அந்த மகிழ்ச்சி நிலைக்காது என்று அந்தக் கிழவி நன்றாகவே அறிந்திருக்கிறாள். முன்னாள் கணவனின் இரண்டாம் குடும்பத்துக்கு அவ்வப்போது போய்ப் பணம் வாங்கிக்கொண்டு வருகிறவளும் அவளேதான். அகி அந்தக் குடும்பத்துப் பெண். அகியை அவள் வைத்துக்கொண்டது பாசத்தாலா, பழியாலா, பணத்துக்காகவா என்று நானும் அக்காவும் பேசிப் பேசி முடிவு காணவில்லை. மூன்றும்தான் என்று அக்கா சொல்கிறாள். வளர்ப்புப் பிள்ளைகளைப் பற்றி எங்கள் வீடுகளில் வெளியே சொல்லாமல் அடக்கிவைத்திருக்கும் உண்மைகளில் இதுவும் ஒன்று. அத்தை வளர்த்த பையன் சுற்றிய பீடியும் அந்த வீட்டுக் கணக்கில் சேர்ந்தது, அத்தை அதை மறைத்துப் பேசியதும் இல்லை. பாசம் இருந்தது, பயனும் இருந்தது. இந்தப் படத்தை நான் உயர்ந்த இடத்தில் வைப்பதற்குக் காரணம், அந்த இரண்டையும் ஒருசேரப் பார்க்கிற துணிவு அதற்கு இருக்கிறது.

இப்போது எங்களுக்குள் மிச்சமிருக்கும் சச்சரவு யூரியைப் பற்றியது. அவளைப் பெற்றோரிடமே திருப்பிக் கொடுத்ததில் இயக்குநர் அரசை வேண்டுமென்றே மூடனாகக் காட்டுகிறார் என்று அத்தான் கொதிக்கிறார். நம் நாட்டில் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, இப்படி மீட்கப்பட்ட பிள்ளை மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் நிறுத்தப்பட வேண்டும்; வீட்டுச் சூழலை விசாரித்து அறிக்கை வாங்க வேண்டும்; தன்னைப் பற்றிய முடிவில் பிள்ளையின் குரல் கேட்கப்பட வேண்டும் என்று சட்டத்தின் கோட்பாடுகளிலேயே எழுதியிருக்கிறது. கையில் சூட்டுத் தழும்போடு வந்த பிள்ளையை அதே வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கோப்பை மூடிவிட முடியாது என்கிறார். சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் தழும்பைப் பார்க்க வேண்டியவர் பார்த்தால்தானே அறிக்கையில் அது ஏறும் என்று நான் கேட்கிறேன். ஐந்து வயதுப் பிள்ளையிடம் என்ன கேட்டாலும், யார் கடைசியாகச் சொல்லிக்கொடுத்தார்களோ அவர்கள் சொன்னதைத்தான் ஒப்பிக்கும், நான் பார்க்காததா என்கிறார் அவர். யூரி ஒப்பிக்கவில்லை அத்தான், புதுச்சட்டை வேண்டாம் என்று தலையை ஆட்டினாள், அது வாக்குமூலம் இல்லையா என்று கேட்டேன். தலையாட்டியதை எந்த நீதிமன்றம் பதிவுசெய்யும் என்று அவர் திருப்பிக் கேட்டார். பதிவுசெய்ய வேண்டும் என்பதுதான் என் வாதம். அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.